முதல் கிளினிக்கல் போஸ்டிங்: நான்காக மடித்த தாளை வைத்து ஒரு ஷிஃப்டைக் கடப்பது எப்படி

நர்சிங் மாணவராக மருத்துவமனைப் பயிற்சிக்கு (கிளினிக்கல் போஸ்டிங்) வந்து, வார்டுக்குள் நுழைந்த முதல் மணி நேரத்தில் கை நடுங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதில்லை. பாடத்தை நன்றாகப் படித்தவர்களும் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். இதற்கு நான்காக மடித்த ஒரு ஏ4 தாள் போதும். அதை எப்படி நிரப்புவது, ஷிஃப்ட் முழுக்க எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒரு மாதிரி நோயாளியை வைத்தே பார்க்கலாம்: 12ஆம் கட்டில், 58 வயது ஐயா, எடை 60 கிலோ, குடல் அடைப்புக்கு அறுவை சிகிச்சை நடந்து இன்று 2ஆம் நாள்.

முந்தைய நாள் மாலை

எந்த வார்டு, எத்தனை மணிக்கு, யாரிடம் போய் நிற்க வேண்டும் என்ற மூன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் தனியாகச் செய்யலாம், ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம், தொடவே கூடாது, எதெது எதில் வரும்?" பதிலை மூன்று பட்டியலாக எழுதி, செய்த வேலைகளைப் பதிவு செய்யும் லாக் புக்கின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். நெருக்கடியான நேரத்தில் யாராவது "இந்த ஊசியைப் போட்டுட்டு வா" என்று நீட்டினால், "இது எனக்கு அனுமதி இல்லாதது சிஸ்டர்" என்று சொல்லும் தைரியம் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும்.

படிக்க வேண்டியது கொஞ்சம்தான். அந்த வார்டில் அடிக்கடி வரும் இரண்டு மூன்று நோய்கள், அதிகம் கொடுக்கும் ஐந்தாறு மருந்துகள். ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று வரி: எதற்கு, கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது, கொடுத்த பின் எதைக் கவனிப்பது. டிஜாக்ஸின் (இதய மருந்து) என்றால், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். இந்த அளவு தெரிந்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

பைக்கு: வினாடி முள் உள்ள கடிகாரம், இரண்டு பேனா (ஒன்றை யாராவது வாங்கிப் போவார்கள், திரும்பி வராது), ஸ்டெதஸ்கோப், சின்ன டார்ச், முனை மழுங்கிய கத்தரிக்கோல், சின்ன கால்குலேட்டர். மொபைலைக் கடிகாரமாகவோ கால்குலேட்டராகவோ நம்பி வராதீர்கள். நோயாளிக்கு நீங்கள் சேட் செய்வது போலத்தான் தெரியும். கையுறை போட்ட கையோடு அதைத் தொட்டால் கிருமி வீடு வரை வரும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், வளையல் வேண்டாம். அவற்றின் அடியில் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) போய்ச் சேராது.

வெறும் வயிற்றோடு வராதீர்கள். முதல் முறை புண்ணைப் பார்த்து மயங்கி விழுபவர்களில் பலர் காலையில் சாப்பிடாமல், முழங்காலை விறைப்பாக வைத்து அசையாமல் நின்றவர்கள். காது அடைத்து, வியர்த்து, கண் மங்கினால் டிரஸ்ஸிங் டிராலியிலிருந்து ஒரு அடி விலகி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். உட்காருவதில் அவமானம் இல்லை. ஸ்டெரைல் ட்ரே மேல் விழுந்தால் எல்லோருக்கும் வேலை கூடும்.

தாளைத் தயார் செய்வது

ஏ4 தாளை நான்காக மடித்தால் ஒரு பக்கத்தில் நான்கு கட்டம். ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம். தொடக்கத்தில் உங்களுக்கு ஒருவர் அல்லது இருவரைத்தான் கொடுப்பார்கள், மீதிக் கட்டங்கள் கணக்குப் போடவும் கேள்வி எழுதவும்.

கட்டத்தை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் மாறாத விவரம், வலப்பக்கம் மணி வாரியான வேலை. நம் 12ஆம் கட்டிலுக்கு இடப்பக்கம் இப்படி வரும்:

கட்டில் 12 / 58 ஆண் / 60 கிலோ
குடல் அடைப்பு அறுவை, 2ஆம் நாள்
பெனிசிலின் ஒவ்வாமை (சிவப்பு பேனா)
வாயால் சிறிதளவு தண்ணீர் மட்டும்
வலக்கை கேனுலா, போட்டு 2 நாள்
வயிற்றில் ட்ரெயின், யூரின் கத்தீட்டர்
உதவியோடு நடக்கலாம்

கேனுலா என்பது டிரிப்ஸ் ஏற்ற ரத்தக் குழாயில் போடும் சிறு குழாய். ட்ரெயின் என்பது அறுவை செய்த இடத்தில் சேரும் திரவத்தை வெளியேற்றும் குழாய். கத்தீட்டர் என்பது சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரைப் பைக்குக் கொண்டுவரும் குழாய். பெயர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். தாள் கீழே விழுந்தாலும் யாருடையது என்று வெளியாள் கண்டுபிடிக்கக் கூடாது.

வலப்பக்கம் 7 முதல் 2 வரை மணிகளை எழுதி, செய்ய வேண்டியதற்கு எதிரே ஒரு காலிச் சதுரம் போடுங்கள். வேலையைச் செய்து முடித்ததும் சதுரத்தில் குறுக்கே ஒரு கோடு. கேஸ் ஷீட்டில் (நோயாளியின் பதிவுத் தாள்) எழுதியதும் இன்னொரு கோடு. இந்த இரண்டு கோட்டு முறைதான் தாளின் உயிர். புதியவர்கள் செய்யத் தவறுவது குறைவு. செய்ததை எழுத மறப்பதுதான் அதிகம். மதியம் ஒரு மணிக்குத் தாளைப் பார்த்து ஒற்றைக் கோட்டோடு நிற்கும் சதுரங்களை மட்டும் தேடினால் போதும்.

ஹேண்ட்ஓவர் கேட்கும்போது

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி ஒப்படைப்பதுதான் ஹேண்ட்ஓவர். இரவு டியூட்டி சிஸ்டர் வேகமாகச் சொல்வார். எல்லாவற்றையும் எழுத முயன்றால் முக்கியமானது தப்பிவிடும். முடிந்தால் பதினைந்து நிமிடம் முன்னதாக வந்து கேஸ் ஷீட்டைப் பார்த்து இடப்பக்கத்தை நிரப்பிவிடுங்கள். ஹேண்ட்ஓவரில் மூன்றை மட்டும் பிடியுங்கள்: இரவில் என்ன மாறியது, இன்று எது பாக்கி, எதைப் பற்றி அவருக்குக் கவலை. "கொஞ்சம் அசதியா இருக்கார், பார்த்துக்கோங்க" என்று போகிற போக்கில் சொல்வதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

முடிந்ததும் உங்கள் பொறுப்பு சிஸ்டரிடம் போய், "12ஆம் கட்டில் எனக்கு. வைட்டல்ஸ், உடல் துடைப்பது, நடக்க வைப்பது, இன்டேக்-அவுட்புட் நான் பார்க்கிறேன். மருந்து நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் செய்வீர்கள் என்று அவரும், அவர் செய்வார் என்று நீங்களும் இருந்து, வேலை நடுவில் கிடக்கும். (வைட்டல்ஸ் என்பது நாடி, மூச்சு, பி.பி., காய்ச்சல் போன்ற அளவுகள். இன்டேக்-அவுட்புட் என்பது உடலுக்குள் போகும், வெளியே வரும் திரவத்தின் கணக்கு.)

முதல் பார்வை: இரண்டு நிமிடம்

கருவியை எடுக்கும் முன் கட்டில் காலடியில் நின்று தலையிலிருந்து பாருங்கள். முகம் வெளுத்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, பேசினால் தெளிவாகப் பதில் வருகிறதா? கேனுலா இருக்கும் இடம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறதா? டிரிப்ஸ் ஓடுகிறதா? ட்ரெயினில் என்ன நிறம், எவ்வளவு? யூரின் குழாய் மடங்கியிருக்கிறதா, பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்குகிறதா, தரையைத் தொடாமல் இருக்கிறதா? கட்டில் பிரேக் போட்டிருக்கிறதா, கூப்பிடும் மணி கைக்கு எட்டுகிறதா?

பிறகுதான் அறிமுகம். "ஐயா, நான் நர்சிங் ஸ்டூடண்ட். இன்னைக்கு மதியம் வரைக்கும் உங்களைப் பார்த்துக்கறேன். உங்க முழுப் பேர் சொல்லுங்க?" நீங்களே பேரைச் சொல்லி "நீங்கதானே?" என்று கேட்காதீர்கள். காது மந்தமானவரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் எந்தப் பேருக்கும் தலையாட்டுவார்கள். அவர் வாயால் சொன்னதைக் கைப்பட்டையோடு ஒத்துப் பாருங்கள். கட்டில் எண் அடையாளம் ஆகாது, ஆட்கள் கட்டில் மாறுவார்கள்.

கை சுத்தம் பற்றித் தனிப் பாடமே படித்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் நான்கை எல்லோரும் ஓரளவு நினைவில் வைத்திருக்கிறார்கள்: தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டபின், தொட்டபின். ஐந்தாவதுதான் விட்டுப் போகும். நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியையோ டிரிப்ஸ் ஸ்டாண்டையோ மட்டும் தொட்டுவிட்டு வந்தாலும் கை சுத்தம் செய்ய வேண்டும். ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்புதான். கையுறையைக் கழற்றிய பிறகும் கை கழுவ வேண்டும்.

வைட்டல்ஸ்: எண் தவறாவது எங்கே

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்ஸிஜன் விழுக்காடு) 95-க்கு மேல் என்பது மனப்பாடம் ஆகியிருக்கும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 என்று டாக்டரே இலக்கு வைத்திருப்பார், எனவே கேஸ் ஷீட்டைப் பாருங்கள்.

அதிகம் பொய்யாக எழுதப்படும் எண் மூச்சுதான். எந்த வார்டில் பார்த்தாலும் வரிசையாக 18, 20, 18 என்று இருக்கும். எண்ணாமல் எழுதியது அது. உடல் மோசமாகத் தொடங்கும்போது பல நேரம் முதலில் ஏறுவது மூச்சு என்பதால் இந்த எண்ணைக் கோட்டை விடுவது ஆபத்து. நாடியை எண்ணி முடித்ததும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காதீர்கள். நாடி பார்ப்பது போலவே வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும்.

பி.பி. தவறாவதற்குக் கையில் சுற்றிக் கட்டும் கஃபின் அளவுதான் பெரும்பாலும் காரணம். பருத்த கையில் சின்ன கஃப் கட்டினால் அளவு கூடுதலாகவும், ஒல்லிக் கையில் பெரிய கஃப் கட்டினால் குறைவாகவும் காட்டும். கஃபுக்குள் இருக்கும் காற்றுப் பை கையின் சுற்றளவில் சுமார் 80 விழுக்காட்டைச் சுற்ற வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும், தொங்கினால் கூடுதலாகக் காட்டும். நடந்து வந்தவருக்கு ஐந்து நிமிட ஓய்வு கொடுங்கள். கையால் பார்க்கும்போது, முதலில் மணிக்கட்டு நாடி மறையும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, வினாடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். சத்தம் கேட்கவில்லை என்றால் ஊகித்து எழுதாதீர்கள். காற்றை முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் கேட்கவில்லையா, "சிஸ்டர், எனக்குக் கேட்கலை, ஒரு தடவை பார்க்கறீங்களா?" இதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. ஊகித்த எண்ணுக்குக் குறைப்பார்கள்.

சாச்சுரேஷன் திடீரென 84 காட்டினால் முதலில் ஆளைப் பாருங்கள். திணறினால் உடனே கூப்பிடுங்கள். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால் விரல் குளிர்ந்திருக்கிறதா, நகப்பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வேறு விரலில் மாட்டுங்கள்.

மருந்து வேளை

சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம், பிறகு பதிவு. இதை ஒப்பிப்பது எளிது. மூன்று முறை லேபிளைப் படிப்பதுதான் வேலை: எடுக்கும்போது, தயாரிக்கும்போது, கட்டில் அருகே கொடுக்கும் முன்.

நம் 12ஆம் கட்டிலுக்கு 9 மணிக்குப் பிப்பெராசிலின்-டாஸோபாக்டம் என்று ஆர்டர் இருப்பதாக வையுங்கள். தாளின் இடப்பக்கம் சிவப்பில் பெனிசிலின் ஒவ்வாமை. பிப்பெராசிலினும் பெனிசிலின் குடும்பம்தான், அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போல. பேரில் 'பெனி' இல்லாததால் கண் தாண்டிப் போய்விடும். இங்கே நிறுத்தி, "சிஸ்டர், இவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமைன்னு எழுதியிருக்கு, இது கொடுக்கலாமா?" என்று கேட்பதுதான் உங்கள் கடமை. மாற்றுவது டாக்டரின் வேலை.

கணக்கில் சூத்திரம்: வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து, கரைசலின் மி.லி.யால் பெருக்குங்கள். 750 மி.கி. வேண்டும், 1 கிராம் மருந்து 10 மி.லி.யில் கரைந்திருக்கிறது என்றால் 750 ÷ 1000 × 10 = 7.5 மி.லி. போடுவதற்கு முன்பே மனத்துக்குள் ஒரு ஊகம் வையுங்கள்: "ஒரு மருந்துப் புட்டியைவிடக் குறைவாகத்தான் வரணும்." விடை 75 என்று வந்தால் தசமப்புள்ளி நழுவியது உடனே தெரியும்.

டிரிப்ஸ் கணக்கில், குழாய் செட்டின் உறையில் மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று போட்டிருப்பதைப் பார்க்காமல் விடுவது வழக்கமான பிழை. 500 மி.லி. 6 மணி நேரத்தில் போக வேண்டும். மி.லி.க்கு 20 சொட்டு செட் என்றால் 500 × 20 ÷ 360, நிமிடத்துக்கு 28 சொட்டு. 15 சொட்டு செட் என்றால் 21தான். 15 செட்டில் 28 சொட்டு ஓட விட்டால் ஆறு மணி நேரத் திரவம் நாலரை மணி நேரத்திலேயே உள்ளே போயிருக்கும். மைக்ரோ செட்டில் மி.லி.க்கு 60 சொட்டு.

எழுதும்போது 0.5 என்று முன்னால் சுழியம் போடுங்கள், 5.0 என்று பின்னால் போடாதீர்கள், புள்ளி மறைந்தால் 50 ஆகிவிடும். இன்சுலினில் 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். 'யு' எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் கிறுக்கினால் அது சுழியம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகும். இன்சுலின், ஹெப்பாரின், அடர்த்தியான பொட்டாசியம் ஆகியவற்றை மாணவர் தனியாகத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10 மணிக்கு நடக்க வைப்பது இருக்கிறது. வலி மருந்து கொடுத்து அரை மணி நேரம் ஆகியிருந்தால் ஐயா ஒத்துழைப்பார். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உட்காரட்டும். தலை சுற்றினால் படுக்க வையுங்கள். ட்ரெயினையும் யூரின் பையையும் யார் பிடிப்பது என்று அவர் எழுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

நிலை மாறினால் எப்படிச் சொல்வது

12 மணி. நாடி 118, பி.பி. 96/60, மூச்சு 26, காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ். காலை எட்டிலிருந்து பையில் 60 மி.லி. சிறுநீர். பெரியவர்களுக்குக் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.யாவது வர வேண்டும். 60 கிலோவுக்கு மணிக்கு 30, நான்கு மணி நேரத்துக்கு 120. பாதிதான் இருக்கிறது. குழாய் மடங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகச் சிஸ்டரிடம் போங்கள். எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்காராதீர்கள்.

"12ஆம் கட்டில் ஐயா ஒரு மாதிரி இருக்கார்" என்றால் யாரும் எழுந்து வர மாட்டார்கள். எஸ்பார் முறையில் நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற வரிசையில் சொல்லுங்கள்:

"சிஸ்டர், 12ஆம் கட்டில்ல நாடி 118, பி.பி. 96/60, மூச்சு 26, காய்ச்சல் 38.6. குடல் அறுவை முடிஞ்சு 2ஆம் நாள். காலைல நாடி 88, பி.பி. 124/78 இருந்தது. நாலு மணி நேரத்துல யூரின் 60 மி.லி. தான், குழாய் மடங்கலை. நிலைமை மோசமாகுதுன்னு தோணுது. இப்பவே வந்து பாருங்க, டாக்டரையும் கூப்பிடலாமா?"

இருபது வினாடிகூட ஆகாது. என்ன நோய் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, காலை எண்ணையும் இப்போதைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். காலை எண் உடனே வாயில் வருவதற்குத்தான் தாள். தயக்கமாக இருந்தால் நான்கு வரியைத் தாளின் காலிக் கட்டத்தில் எழுதி, பார்த்தே படியுங்கள்.

புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லும்போதும் இதே நேர்மை உதவும். "தெரியாது" என்று நிறுத்தாமல், "காலேஜ் லேப்ல டம்மி பொம்மையில இரண்டு தடவை செஞ்சிருக்கேன், நோயாளிக்குச் செஞ்சதில்லை. நீங்க பக்கத்துல நின்னா செய்றேன்" என்று சொல்லுங்கள். எங்கே உதவி வேண்டும் என்று சிஸ்டருக்குத் தெரிந்துவிடும், அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

எழுதுவது, தவறுவது

பார்த்ததை எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள். "நன்றாக இருக்கிறார்" என்பதைவிட "10.20: உதவியோடு 15 மீட்டர் நடந்தார், தலைசுற்றல் இல்லை, வலி பத்துக்கு 4 என்றார்" என்பது அடுத்த ஷிஃப்டுக்குப் பயன்படும். செய்வதற்கு முன்பே எழுதி வைக்காதீர்கள். தப்பாக எழுதினால் ஒரே கோடு அடித்து, நேரமும் கையொப்பமும் போடுங்கள். வெள்ளை மை கூடாது.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாமல் நேராக ஷார்ப்ஸ் டப்பாவில் போடுங்கள். டப்பா முக்கால் நிரம்பியிருந்தால் அதில் திணிக்காமல் மாற்றச் சொல்லுங்கள். மீறிக் குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே பொறுப்பு சிஸ்டரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் கூடிய சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். திட்டுவார்களோ என்று மாலை வரை மறைத்தால் அந்த நேரம்தான் வீணாகும். மருந்தில் பிழை நடந்தாலும் இதே வரிசை: முதலில் நோயாளியைப் பார்ப்பது, உடனே சொல்வது, பிறகு எழுதுவது.

கடைசி முக்கால் மணி நேரம்

ஒற்றைக் கோட்டுச் சதுரங்களைத் தேடி எழுதி முடியுங்கள். இன்டேக்-அவுட்புட்டைக் கூட்டுங்கள், யூரின் பையோடு ட்ரெயினையும் சேர்க்க மறந்துவிடுவார்கள். ஐயாவிடம் போய், "என் டியூட்டி முடிஞ்சுது, அடுத்து வர்ற சிஸ்டர் பார்த்துக்குவாங்க" என்று சொல்லி, மணி கைக்கு எட்டுகிறதா, கட்டில் தாழ்த்தியிருக்கிறதா என்று பாருங்கள். லாக் புக்கில் கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். வாரக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் அந்தச் சிஸ்டர் இரவு டியூட்டிக்குப் போயிருப்பார்.

வீட்டில் படிக்க வேண்டியதைத் தாளிலிருந்து உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டு மருந்தின் பேர், புரியாத ஒரு சொல், அவ்வளவுதான். பிறகு தாளை வார்டிலேயே கிழித்து, ரகசியக் காகிதங்களுக்கான பெட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.